பக்கம் 214

சனிக்கிழமைகளில் நாங்கள் ஐரோப்பாவுக்குப் போவோம்.
உட்துறைமுக வீதியில், தையல் கடைக்கு மேலே
வாடகை மண்டபம், இரண்டு மின்விசிறி,
முப்பத்தொரு கதிரை.
வெளிவாரிப் பட்டம், இரண்டாம் வருடம்:
நவீன ஐரோப்பாவும் உலகமும்.

மற்ற நாட்களில்
சீனக்குடா மா ஆலையில் லொறி நிறுப்பது என் வேலை.
கோதுமை கருங்கடலில் இருந்து வருகிறது.
வெற்று லொறிக்கும் நிறைந்த லொறிக்கும் இடையில்
கிரிமியப் போரின் காரணங்கள் ஐந்தையும்
பற்றுச்சீட்டின் முதுகில் எழுதிப் பாடமாக்குவேன்.
நான்காவது எப்போதும் நழுவிவிடும்.

நூலகத்தில் இரவல் வாங்கிய
தடித்த ஆங்கிலப் புத்தகத்தின் சொல்லடைவில்
எங்கள் ஊரைத் தேடினேன்.
இருந்தது, ஒரே ஒரு தடவை.
ட்ரிங்கோமலி, 214.
அதற்குக் கீழே ட்ரினிடாட்.
அதற்கும் கீழே முக்கூட்டு உடன்படிக்கை,
அவர்களுக்குப் பதினெட்டுப் பக்கம்.

பிரித்துப் பார்த்தேன்.
அடைப்புக்குறிக்குள் கிடந்தது ஊர்.
ஆமியனில் கையொப்பமிட்ட யாரோ
வேறு யாருக்கோ திருப்பிக் கொடுக்க மறுத்ததாக.
கோணேசர் மலை, குடா, உப்பளம், வலை காயும் மணல்
எல்லாம் சேர்ந்து
ஒரு வினைச்சொல்லின் செயப்படுபொருள்.
குறி மூடியதும்
வாக்கியம் ஸ்பெயினுக்குப் போய்விட்டது.

அன்றைக்குக் கரும்பலகையில் 1795.
போலந்தை மூன்றாம் முறை பங்கிட்டு முடித்தார்கள்,
வரைபடத்தில் பெயரே இல்லை.
அதே வருடம்தான்
எங்கள் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி இறங்கியது.
அதை யாரும் சொல்லவில்லை,
பென்சிலால் ஓரத்தில் நானே எழுதிக்கொண்டேன்.

சம்பூர்த் தயாழினி கை உயர்த்தினாள்.
"நாடே இல்லாத அந்தக் காலத்தில
எந்த ஊர் எண்டு ஆரும் கேட்டா
அவங்க என்ன சொல்லியிருப்பாங்க, சேர்?"

சேர் மணிக்கூட்டைப் பார்த்தார்.
மூலாதாரங்கள் கிடைத்தால் தேடலாம் என்றார்.
நல்ல மனிதர்,
மட்டக்களப்பு பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் அவருக்கு.

படியிறங்கும்போது அவளே தொடர்ந்தாள்.
"கிளிவெட்டி முகாமில ஒம்பது வருசம்.
படிவத்தில ஊர் எண்ட இடத்தில அப்பா
சம்பூர் எண்டுதான் எழுதுவார்.
ஒருக்கா ஒரு கிளாக்கர் அத வெட்டிப்போட்டான்.
வெட்டுக்கு மேல இன்னொருக்கா எழுதினார்,
எழுத்து கொஞ்சம் பெரிசா."
பிறகு தேத்தண்ணிக் கடையில்
ரோல்ஸ் நேற்றையது என்று சண்டை பிடித்தாள்.

பஸ் நிலையத்தில் ஒரு புள்ளிமான்
மரக்கறிக் குப்பையை விட்டு எங்களிடம் வந்து,
சில்மியாவின் பையில் இருந்து
போட்டோகொப்பிக் கட்டை இழுத்து
வியன்னா மாநாட்டைத் தின்னத் தொடங்கியது.
ஆஸ்திரியாவும் பிரஷ்யாவும் போயே போய்விட்டன.
ரஷ்யாவில் பாதியை
எச்சிலோடு மீட்டோம்.
கிண்ணியாப் பாலம் வரைக்கும்
சில்மியா சிரித்துக்கொண்டே போனாளாம்.
நடத்துனர் மிச்சக் காசு தர மறந்ததைக்கூடக் கேட்கவில்லை.

பரீட்சை மார்கழி மழையில்.
மூன்றாம் கேள்வி:
வியன்னா மாநாடு ஐரோப்பாவுக்கு
நாற்பதாண்டுச் சமாதானத்தைத் தந்தது, மதிப்பிடுக.
நான் மான் மிச்சம் வைத்ததை எழுதினேன்.
முன்வரிசையில் தயாழினி
மேலதிகத் தாள் கேட்டாள்,
கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டாள்.
அவள் பேனை நிற்கவேயில்லை.
யாருடைய சமாதானம் என்று தொடங்கினாளோ,
வேறு எதுவோ,
இன்றுவரை கேட்கவில்லை நான்.

தகரத்தில் மழை இரைந்தது.
துறைமுகத்துக்குள் கப்பல் ஒன்று ஊதிக்கொண்டு வந்தது,
கோதுமையாகத்தான் இருக்கும்,
திங்கள் காலை ஆறு மணிக்குத் தராசடியில் நிற்கவேண்டும்.
தாள்களை நூலால் கட்டும்போது
அந்த நான்காவது காரணம்
தெளிவாக ஞாபகம் வந்தது.
இம்முறை கிரிமியா வரவில்லை.